நாலே முக்கால் கிலோமீட்டர்

பின்சீட்டில் ஆள் இல்லாமல் அதன் சொகுசைச் சொல்ல முடியாது. அதனால் அந்த ஷோரூமில், டெஸ்ட் டிரைவுக்கு வருகிறவர் எப்போதோ ஏற்றிக்கொள்ளாமல் விட்டுப்போன ஒருவரைத் தேடிப்பிடித்துப் பின்னால் உட்காரவைப்பார்கள். அன்றைக்கு அவரைக் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டிய தூரம் எவ்வளவோ, டெஸ்ட் டிரைவும் அவ்வளவு தூரம்தான்.

கிரைண்டர் கம்பெனி நடத்தும் குழந்தைவேலுக்கு நாலே முக்கால் கிலோமீட்டர் வந்திருந்தது.

"சில பேருக்கு அரைக் கிலோமீட்டர்தான் சார் வரும். அதுக்குள்ள ஹைப்ரிட் வண்டியில ஒண்ணும் பிடிபடாது. உங்களுக்கு நல்ல தூரம்," என்றார் விற்பனை மேலாளர் பிரசன்னா. "ஒண்டிப்புதூர் ஸ்டாப் வரைக்கும் நான் ஓட்டறேன். அங்கிருந்து நீங்க."

ஒண்டிப்புதூர் என்ற பெயரைக் கேட்டதுமே குழந்தைவேலுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் மனைவி மலர்க்கொடி பின்னால் ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் மொட்டை வெயில். அதில் ரெஜினா சொட்டச் சொட்ட நனைந்து நின்றுகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் இருவரும் ஒரே மில் ஆபீசில் வேலை பார்த்தவர்கள். ரெஜினா டெலிபோன் ஆபரேட்டர், குழந்தைவேல் சூப்பர்வைசர். ஓர் ஐப்பசி மாத மழையில், காய்ச்சல்கார மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரெஜினா இதே இடத்தில் கை நீட்டினார். தன் காரில் வந்த குழந்தைவேல் வைப்பரைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

பிரசன்னா இறங்கி, ஸ்டியரிங்கைக் குழந்தைவேலிடம் விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தார். ரெஜினா குடையை மடக்கி உதறிவிட்டு, மலர்க்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியிலிருந்து தண்ணீர் இறங்கித் தோல் இருக்கையில் தேங்கியது.

"நல்லா இருக்கீங்களா சார்?" என்றார்.

"இருக்கேனுங்க மேடம்," என்றார் குழந்தைவேல், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

வண்டி பேட்டரியில் சத்தமே இல்லாமல் கிளம்பியது. அதுதான் அந்த வண்டியின் பெருமை. ரெஜினாவின் சேலையிலிருந்து ஒவ்வொரு சொட்டும் கால்மிதியில் விழுவது முன்சீட்டுக்குத் தெளிவாகக் கேட்டது. குழந்தைவேல் ஆக்சிலேட்டரை மிதித்தார். வேகம் கூடினால் பெட்ரோல் என்ஜின் ஓட ஆரம்பித்துவிடும், அந்தச் சத்தத்தில் இது அமுங்கிப்போகும் என்று நினைத்தார்.

"மெதுவாவே போங்க சார்," என்றார் பிரசன்னா. "பேட்டரியில போனாத்தான் பின்னால பேசறது நல்லாக் கேக்கும்."

பின்னால் மலர்க்கொடி பேச ஆரம்பித்திருந்தாள்.

"எத்தனை வருசமாங்க இப்படி நனைஞ்சு இருக்கீங்க?"

"இருபத்திரண்டு. மழையில நனைஞ்சா அடுத்த நாளே காஞ்சுடுமுங்க. தெரிஞ்சவங்க பாத்துட்டே போனாங்கன்னா மட்டும் காயறதில்லை."

"ஆமாங்க," என்றாள் மலர்க்கொடி. "எனக்கும் முந்தானை ஓரம் அப்படித்தான். பாருங்க."

"அட, ஆமா. எப்ப இருந்து?"

"கல்யாணமாகி மூணாவது வருசம். தொட்டிக்கிட்ட பாத்திரம் கழுவிட்டிருந்தேன். இவங்கம்மா சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடியும் என்னைப் பேசினாங்க. இவரு பாத்துட்டு உள்ள போயிட்டாரு."

அவள் குரலில் குறை எதுவும் இல்லை. ஊறுகாய் பக்குவம் சொல்வதுபோல் சொன்னாள். இருபத்தாறு வருடமாக ஒரே கட்டிலில் படுத்தவர் குழந்தைவேல். அவள் முந்தானை ஓரத்தை அவர் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை. காது மடல் இரண்டும் எரிந்தன. கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கவேண்டிய இடத்தில்கூடப் பார்க்காமல் லேன் மாறினார். வண்டி தானாகவே பிரேக் போட்டுக்கொண்டது.

"பிரேக் பிடிக்கப் பிடிக்க பேட்டரி சார்ஜ் ஏறும் சார்," என்றார் பிரசன்னா.

மகளைப் பற்றி மலர்க்கொடி விசாரித்தாள். அன்றைக்குக் காய்ச்சல் முற்றி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், இப்போது ஈரோட்டில் பல் டாக்டராக இருக்கிறாள் என்றார் ரெஜினா. ஒன்பது நாள் என்பது குழந்தைவேலுக்குப் புதுச்செய்தி. அந்த ஒன்பது நாளும் ஆபீஸ் டெலிபோனை வேறு ஒருவர் எடுத்தது ஞாபகம் வந்தது. ஏன் என்று அவர் கேட்டதில்லை.

இருகூரில் ரெஜினாவின் வீட்டு வாசலில் சரியாக நாலே முக்கால் கிலோமீட்டர் முடிந்தது. பிரசன்னா படிவத்தை எடுத்தார். பின்சீட்டில் வந்தவர் கையெழுத்துப் போடாமல் வண்டி புக் செய்ய முடியாது. அதற்கு முன்னால், ஓட்டியவர் எழுதவேண்டிய இடம் ஒன்று இருந்தது: அன்று நிறுத்தாத காரணம்.

குழந்தைவேல் 'கவனிக்கவில்லை' என்று எழுதினார். பேனா நகர்ந்தது, எழுத்து விழவில்லை. 'அவசர வேலை' என்று எழுதினார். அதுவும் விழவில்லை.

"அந்தக் கட்டத்துல மட்டும் அப்படித்தான் சார்," என்றார் பிரசன்னா. "அவசரமே இல்லை. பொறுமையா எழுதுங்க."

ஏ.சி. ஓடியும் அவர் கழுத்து வியர்த்தது. மனைவி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. கையால் மறைத்துக்கொண்டு, சின்ன எழுத்தில், 'சீட் கவர் புதுசு' என்று எழுதினார். மை பளிச்சென்று பிடித்துக்கொண்டது. சின்னதாக எழுதியது தாளில் பெரிதாக நின்றது.

ரெஜினா படிவத்தை வாங்கிப் படித்தார்.

"என்ன கலருங்க சார்?"

"மெரூன்."

"நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றார் ரெஜினா.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது குழந்தைவேலுக்கு. மன்னிப்பு என்கிற சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார், அது வெளியே வரவில்லை. ரெஜினா தன் பங்குக்கு எழுதினார். இருக்கை: வசதி. குளிர்: கொஞ்சம் அதிகம். பயண நேரம்: இருபத்திரண்டு வருடம். கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கி, வாசலில் நின்று முந்தானையைப் பிழிந்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போதும் மலர்க்கொடி முன்னால் வரவில்லை. நனைந்த சீட்டின் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி பிடிச்சிருக்குதா?" என்று கேட்டார் குழந்தைவேல்.

"எந்தக் கலரானாலும் எடுங்க. சீட்டுக்குக் கவர் மட்டும் வேண்டாம்."

ஷோரூம் வந்ததும் பிரசன்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பார்க்கிங் மட்டும் பாக்கி சார். வீட்டுல நிறுத்த முடியுதான்னு பாத்துடலாம். உங்க தெரு வந்துடுச்சு."

பின்பக்க மைதானத்தில் அவர்களுடைய தெருவை இறக்கி விரித்திருந்தார்கள். பதினாறு வீடும் அதனதன் வரிசையில் இருந்தன. கொண்டுவந்ததில் ஒரு மின்கம்பம் மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு கேட்டிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். மலர்க்கொடி இறங்கிப் போய்த் தங்கள் வீட்டுக் கேட்டை விரியத் திறந்துவைத்தாள். எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டினார். குழந்தைவேல் ரிவர்ஸ் கியர் போட்டார்.