கிணற்று மூடி

ஆர்லெனுக்கு அருங்காட்சியகப் பைத்தியம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எந்த ஊரைக் கடந்தாலும், பூட்டிய கதவில் "பார்க்க வேண்டுமானால் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்" என்று சீட்டு ஒட்டியிருந்தால் போதும், வண்டியை ஓரம் கட்டிவிடுவான். துருப்பிடித்த கலப்பையை ஒரு மணி நேரம் பார்ப்பான். அவன் மனைவி ஜனெலுக்குப் பழகிவிட்டது. ஐந்து வயது மகள் பிரிட்டாவுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

ஓஸ்டால் ஊருக்கு வந்தது மட்டும் வெறும் பைத்தியத்தால் அல்ல. நார்வேயிலிருந்து வந்து இந்தப் புல்வெளியில் முதன்முதலாகக் குடியேறிய ஆர்லெனின் கொள்ளுத்தாத்தா கட்டிய வீட்டை, ஊர் வரலாற்றுச் சங்கத்தார் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து அருங்காட்சியக வளாகத்தில் வைத்திருந்தார்கள். ஆர்லென் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தான். பிரிட்டா தொட்டில், ராட்டை, அடுப்பு என்று ஒன்றையும் விடாமல் கை வைத்தாள்.

"இவளை இங்க வெச்சிருந்தா நூறு வருஷம் தாங்குனதெல்லாம் இன்னைக்கே உடைஞ்சிடும். நான் இவளைக் கூட்டிட்டுப் போய் வீடு முதல்ல இருந்த இடத்தைக் காட்டிட்டு வர்றேன். பட்டம் வேற விடணுமாம். நீ காபி குடிச்சிட்டு இரு" என்று ஆர்லென் கிளம்பிவிட்டான். அந்த இடம் ஊருக்கு வெளியே சில மைல் தூரம்.

ஜனெல் இருந்ததற்குக் காபிதான் காரணம். சாவி வைத்திருந்த ஓர்வில் பெரியவர், சங்கத்தின் தலைவர். அவர் கையால் காபியும் புளிப்பான ருபார்ப் தண்டு போட்ட கேக்கும் வாங்கிச் சாப்பிடாமல் அந்த ஊரைவிட்டு யாரும் போனதாகச் சரித்திரம் இல்லை. வேண்டாம் என்றால் இரண்டு துண்டாக வைப்பார்.

வீட்டு வாசலுக்கு எதிரே சரளைக் கல்லில் பெரிய வட்டப் பலகை ஒன்று கிடந்தது. ஓக் மரம், இரும்புப் பட்டை அடித்தது, நடுவில் அடிபம்பு. ஓர்வில் அதைக் காலால் தட்டினார்.

"இது அசல் சரக்கும்மா. உங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா கையால செஞ்ச கிணத்து மூடி. கிரேன் வெச்சுத்தான் தூக்கினோம், என்னா கனம்ங்கிறீங்க!"

ஜனெல் பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "மூடி இங்க இருக்கு. அப்போ அங்க கிணத்தை என்ன பண்ணீங்க?"

"கிணறு எங்க போகும்? அங்கதான் இருக்கு."

"தூர்த்துட்டீங்கல்ல?"

"ஐயையோ! கையால தோண்டின கிணறும்மா, அறுபது அடி. தூர்க்கக்கூடாது, அதுவும் வரலாறுன்னு சங்கத்துல ஓட்டெடுத்துத் தீர்மானமே போட்டோம்." ஓர்வில் பெருமையாக நிமிர்ந்தார். "மேல ஒரு பிளைவுட் பலகை போட்டு, அது மேல புல்லைப் பத்தை பத்தையா வெச்சுட்டோம். போட்டோவுல அசிங்கமா தெரியக்கூடாதில்ல?"

வாய்க்குப் போன ஜனெலின் கோப்பை பாதியில் நின்றது. "எப்போ போட்டீங்க?"

"அது ஆச்சு பல வருஷம்... பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கும் முன்னாடி."

ஈரப் புல்லுக்கு அடியில் பிளைவுட் என்ன ஆகும் என்று பண்ணைக்காரப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊறின ரொட்டி மாதிரி ஆகும்.

"எந்த இடத்துல இருக்கு அது?"

"பழைய வீட்டு வாசல் இருந்த இடத்துக்கு நேரா. ரோட்டுக்கும் வாசலுக்கும் நடுவுல. வர்றவங்க தடுமாறக்கூடாதுன்னு அந்த வழியாத்தான் புல்லை வெட்டிப் பாதை போட்டு..." பாதியிலேயே ஓர்வில் நிறுத்தினார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. மனுஷனுக்கு இத்தனை வருஷம் ஆனது அது உறைக்க!

ஜனெல் ஆர்லெனைக் கைபேசியில் அழைத்தாள். போகவில்லை. அந்தப் பக்கம் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது.

ஓர்விலின் பிக்கப் வண்டியில் ஏறினார்கள். மண் ரோடு, பின்னால் புழுதி மேகம். "வேகமா போங்க, வேகமா போங்க" என்பதைத் தவிர அவளுக்குப் பேச்சு வரவில்லை. பட்டம் விடுகிற பிள்ளை தரையையா பார்க்கும்? வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னாலேயே நடக்கும்.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் ஓர்வில்.

"வாயை மூடிட்டு ஓட்டுங்க" என்றாள் ஜனெல். மரியாதையெல்லாம் பார்க்கிற நேரமா அது?

வேலி வாசலில் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தாள். கார் தூரத்தில் மரவரிசைக்குப் பின்னால், வயல் தடத்தில் நின்றது. நல்ல வேளை, அவர்கள் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். லைலாக் புதருக்கு அருகில், பழைய வீட்டின் அடித்தளக் கல்லுக்கு முன்னால் ஆர்லென் குனிந்து எதையோ படம் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிரிட்டா. இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஜனெலுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிரிட்டா அவளைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா!" பட்டத்தைப் போட்டுவிட்டு, வெட்டிய புல் பாதையில் நேராக அம்மாவை நோக்கி ஓடி வர ஆரம்பித்தாள்.

"நில்லு! பிரிட்டா, நில்லு! வராதே!"

காற்று வீடு இருந்த பக்கத்திலிருந்து ரோட்டை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் குரல் இவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. இவள் குரலைக் காற்று இவள் வாயிலேயே திணித்தது. கையை ஆட்டினாள். அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பிரிட்டா இன்னும் வேகமாக ஓடி வந்தாள். ஆர்லென் தலை நிமிரவே இல்லை. பாதை முழுக்க ஒரே பச்சை, எது மண், எது பலகை என்று தெரியவில்லை. எதிரே ஓடினால் பிள்ளையும் ஓடி வரும், நடுவில் கிணறு. இங்கேயே நின்றாலும் ஓடி வரும்; அம்மா போய்விட்டால்தான் நிற்கும்.

பிறகு திரும்பினாள். வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"எடுங்க வண்டியை."

"என்னம்மா இது, புள்ள வருது..."

"எடுய்யா!"

வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பிரிட்டா நின்றுவிட்டாள். "அம்மா, போகாத! அம்மா!" ஒரு வார்த்தை விடாமல் காற்று அதைக் கொண்டுவந்து கொடுத்தது. ஜனெல் ஒரு முறை திரும்பினாள். மகளின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள். இறங்கி ஓட உடம்பு துடித்தது. "நிறுத்தாதீங்க" என்றாள். ஆர்லென் எழுந்து பிள்ளையிடம் ஓடுவது தெரிந்தது. அதற்குள் மரங்கள் மறைத்துவிட்டன.

வயல் தடம் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அவள் செத்துப் பிழைத்தாள். ஆர்லெனும் வண்டியைத் துரத்திப் பாதையில் ஓடியிருந்தால்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பேர் கனத்தோடு?

லைலாக் புதரைத் தாண்டி வந்தபோது அவன் பாதையில்தான் நின்றிருந்தான், தோளில் பிரிட்டாவோடு, ரோட்டைப் பார்த்தபடி. இப்போது காற்று இவள் பக்கம்.

"ஆர்லென், முன்னால ஒரு அடி எடுத்து வைக்காதே. அப்படியே பின்னால வா."

வந்தான். வந்ததும் வெடித்தான். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? பிள்ளை கதறுது, நீ பாட்டுக்குப் போற!"

ஓர்வில் அடித்தளத்திலிருந்து ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கி, அவன் நின்ற இடத்துக்கு நாலடி முன்னால் எறிந்தார். புல் சத்தமில்லாமல் உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அடியில் எங்கோ தண்ணீர் சத்தம் கேட்டது. ஓர்வில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆர்லெனின் முகத்தில் ரத்தமே இல்லை. எதையும் பார்க்காமல் அழுதுகொண்டிருந்த மகளிடம் ஜனெல் கை நீட்டினாள். பிரிட்டா அப்பாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நான் கூப்பிட்டேன். நீ என்னைப் பார்த்த. பார்த்துட்டும் போயிட்ட."

"அந்தக் குழியைக் காட்டிடலாம் ஜனெல். காட்டினா அவளுக்குப் புரியும்" என்றான் ஆர்லென்.

ஜனெல் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தாள். இன்று இரவு அது தன் கனவில் வரும், நாளையும் வரும். பிள்ளையின் கனவுக்கும் அது எதற்கு?

"வேண்டாம். என் மேல கோபமாவே இருக்கட்டும்" என்றாள். பிறகு மகளிடம், "ஆமாடி கண்ணு, கேட்டுச்சு. கேட்டுட்டேதான் போனேன்" என்றாள்.

பிரிட்டா முகத்தை அப்பாவின் தோளில் புதைத்துக்கொண்டாள். ஜனெல் அவர்களுக்கு ஓரடி பின்னால், மகள் காலிலிருந்து கண்ணை எடுக்காமல், கார் வரைக்கும் நடந்தாள்.