பிறந்த ஊர்க் கணக்கு

பாண்டிசெல்விக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ராஜபாளையம் மில்லில் அவள் ஷிப்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், இரண்டு வயது மகள் மித்ராவைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம். புருஷன் பாண்டிதுரை லாரியில் ஏறினால் திரும்ப வாரக்கணக்காகும். இதுவரை பார்த்துக்கொண்ட அடுத்த வீட்டு கருத்தம்மா, மகனோடு திருப்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் அறக்கட்டளை ஒன்று, ராஜபாளையத்தில் இலவசக் குழந்தைகள் காப்பகம் ஒன்றைத் திறக்க முன்வந்தது. எந்த வார்டுக்குத் தேவை அதிகமோ அங்கே. அதைக் கண்டறியும் பொறுப்பு அங்கே வேலை பார்த்த ஹெப்சிபாவுக்கு வந்தது. அவளும் பாண்டிசெல்வியும் பள்ளியில் ஒரே பெஞ்ச்.

அறக்கட்டளையில் ஆளாளுக்குத் தன் தெருவைச் சொன்னார்கள். ஹெப்சிபா ஒரு வழி சொன்னாள். அரசாங்கம் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கும் பிறப்பு, தடுப்பூசி விவரங்களை எடுத்து, எங்கே கைக்குழந்தைகள் அதிகம் என்று பார்ப்போம். ஒருவரும் குறை சொல்ல முடியாது. செயலாளர் நவநீதகிருஷ்ணனுக்கு அது பிடித்துப்போனது. மற்ற தெருக்களை அவள் நேரிலும் சுற்றிப் பார்த்தாள். தோழியின் தெருவுக்கு மட்டும் போகவில்லை. போனால் சிபாரிசு என்று பேச்சு வரும்.

விவரங்களில் பாண்டிசெல்வியின் தெரு இருக்கும் வார்டு கடைசியில் நின்றது. காப்பகம் வேறு வார்டுக்கு முடிவாகி, கட்டிடமும் பேசியாயிற்று. அதைப் பாண்டிசெல்வியிடம் சொல்வதற்காக ஹெப்சிபா வந்தபோது, தெருவில் பொடிசுகள் ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியை ரயிலாக்கி இழுத்துக்கொண்டிருந்தன. அவள் நின்றுவிட்டாள்.

“என்னட்டி, பேயப் பாத்த மாதிரி நிக்க?”

“இங்க பிள்ளைகளே இல்லன்னுல்ல வந்திருக்கு.”

பாண்டிசெல்வி சிரித்தாள். “இதுக போடுற கூச்சல்ல ராத்திரி ஷிப்டு முடிச்சவ தூங்க முடியல. ஒன் கம்ப்யூட்டருக்குக் காது அடைச்சிருச்சா?”

“மித்ராவ எங்கட்டி பெத்த?”

“எங்க பெப்பாக? தாய் வீட்டுலதான். பிளவக்கல்லுல இருந்து வத்திராயிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த வீட்டு அட்ரஸத்தான் குடுத்தோம். ஊசியும் அங்கதான். இந்தத் தெருவுல அம்புட்டுப் பேரும் அப்படித்தான்.”

“அப்ப இந்தப் பிள்ளைக எல்லாம் தாய் வீட்டு ஊருக் கணக்குலல்ல ஏறியிருக்கு” என்றாள் ஹெப்சிபா. ரயில் அவள் காலில் வந்து மோதியது.

மறுநாள் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். “நீ சொல்றது நெசமாத்தாம்மா இருக்கும். ஆனா இப்ப வாய்ப்பேச்சுல மாத்துனா, நாளைக்கு ஒவ்வொரு தெருவும் வந்து நிக்கும். அடுத்த வருஷம் பாப்போம்.”

கருத்தம்மா திருப்பூருக்குப் போனாள். பாண்டிசெல்வி லீவு போட்டாள். சூப்பர்வைசர் இனி வரவே வேண்டாம் என்று சொல்வதற்குள், மகளைப் பிளவக்கல்லில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வெள்ளைத்தாய் மதினிக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். “மூணா இருந்துட்டுப் போகுது, அழாமப் போ” என்றாள் அவள்.

முதலில் பாண்டிசெல்வி வாராவாரம் மகளைப் பார்க்கப் போனாள். பிறகு மில்லில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்தார்கள். தை மாதம் போனபோது ஹெப்சிபாவும் கூடப் போனாள்.

மித்ரா வளர்ந்திருந்தாள். பாண்டிசெல்வி கை நீட்டியதும் வெள்ளைத்தாயின் சேலைக்குள் ஒளிந்தாள்.

“போடி, யாரு வந்திருக்கா பாரு!” என்றாள் வெள்ளைத்தாய்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவது போலவே குழந்தை சொன்னது: “அத்தை.”

வெள்ளைத்தாய் பதறினாள். “அடி கழுத, அம்மாட்டி அது! இதுக சொல்றதக் கேட்டு இதுவும் சொல்லுது செல்வி, நான் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்…”

“விடுங்க மதினி. பொறவு சரியாயிரும்” என்று பாண்டிசெல்வி பையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்தாள். மூன்று பிள்ளைகளும் ஓடி வந்தன. மூன்று பேருக்கும் சமமாகப் பங்கு வைத்தாள்.

திரும்பும் பஸ் வத்திராயிருப்பைத் தாண்டியது. பாண்டிசெல்வி ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் கோபம் இல்லை.

“அடுத்த வருசம் எங்க தெருவ எண்ண வருவியாட்டி?”

“வருவேன். வீடு வீடா வருவேன்.”

“வந்தா எங்க வீட்டுல கேக்காத” என்றாள் பாண்டிசெல்வி. “பிள்ளை அங்கதான இருக்கு.”