மூன்று புள்ளி நான்கும் இரண்டு புள்ளி ஆறும்

பத்து மணிக்குச் சோதனை என்று முதலாளி சொல்லியிருந்தார். எட்டரைக்கே வந்துவிட்டவள், விளக்கைக்கூடப் போடாமல், கூடத்து மேசையில் இருந்த முந்தின மாலை வந்த புதுக் கம்ப்யூட்டரின் முன்னால் நின்றாள். கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் அது. அங்கே எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் அவள்தான் ஓட வேண்டும். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் 'சிஸ்டம் அக்கா'. போன மாதம் வந்து இறங்கிய இருபதையும் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

தேர்ந்தெடுத்த லட்சணம் இதுதான். இரண்டு கடைக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேரும் காட்டியது டூயல்-கோர். ஒரே சில்லுக்குள் வேலை செய்ய இரண்டு மூளை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் வேகம் 3.4 என்று போட்டிருந்தது, மற்றதில் 2.6. மூளை சமம் என்றால் எண் பெரியதுதானே வேகம்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லுமே. 3.4-ஐ எடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். வரைவாளர்கள் முனக ஆரம்பித்த பிறகுதான் உட்கார்ந்து படித்தாள். அந்த 3.4 பழைய தலைமுறைச் சில்லு. 2.6 புதியது, நொடிக்குத் துடிப்பு குறைவானாலும் ஒவ்வொரு துடிப்பிலும் அது முடிக்கிற வேலை கூடுதல்.

முனகல் முதலாளி காதுவரை போயிற்று. தோற்ற கடைக்காரரை 2.6-இல் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வரைபடத்தைக் கொடுத்து, நேரம் பார்ப்பதாக ஏற்பாடு.

காலையில் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்.

"நேராப் போய்ச் சொல்லிடு. திட்டுவாரு. திட்டிட்டு விட்டுடுவாரு."

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை முதலாளி ஒரே மத்தியானத்தில் வீட்டுக்கு அனுப்பியது அவனுக்குத் தெரியாது. அனுப்பியது வைரஸ் வந்ததற்காக அல்ல, வரவேயில்லை என்று அவர் சாதித்ததற்காக. ஆனால் அவளுக்கு நினைவில் நின்றதெல்லாம், அந்த மனுஷன் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் படியிறங்கியதுதான். பயம் தனக்கு வேண்டியதை மட்டும்தான் பொறுக்கி வைத்துக்கொள்ளும்.

இந்த 2.6 தோற்றுவிட்டால் போதும் என்று அதன் முன்னால் உட்கார்ந்தாள். எத்தனை கோர் வேலை செய்யலாம் என்று கேட்கும் இடம் அவளுக்குத் தெரியும். அங்கே இரண்டை ஒன்றாக்கினாள். மறுபடி கிளப்பினாள். இரண்டு நிமிஷ வேலை. அதற்குள் முதுகுப் பக்கம் ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டது.

பத்து மணிக்கு எல்லாரும் கூடிவிட்டார்கள். முதலாளி கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஒரே சமயத்தில் இரண்டிலும் தட்டினார்கள். திரையில் கட்டடம் கோடு கோடாக எழும்பத் தொடங்கிய அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது. இந்த வரைபட மென்பொருள் பழசு. இதற்கு ஒரு கோருக்கு மேல் பயன்படுத்தத் தெரியாது. இரண்டாவது எப்போதும் சும்மாதான் கிடக்கும். தினம் தினம் அவளே பார்த்ததுதான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். பயம் வந்தாலும் அப்படித்தான் போலிருக்கிறது.

2.6 முப்பத்தொரு நொடியில் முடித்தது. 3.4-க்கு நாற்பத்தாறு ஆயிற்று.

முதலாளி அவளைப் பார்க்கவில்லை. சின்ன எண் எப்படி ஜெயிக்கும் என்று கடைக்காரரைத்தான் கேட்டார். கடைக்காரர் நரை விழுந்த, அதிர்ந்து பேசாத மனிதர். ஒருவன் படபடவென்று ஒவ்வொரு படியாக ஏறுகிறான், இன்னொருவன் நிதானமாக இரண்டிரண்டு படியாக ஏறுகிறான், யார் முதலில் மாடிக்குப் போவார்கள் என்று திருப்பிக் கேட்டார். முதலாளி சிரித்துவிட்டார். தவறியது எல்லாருக்கும் தவறக்கூடியதுதான் என்று கடைக்காரரே அவளுக்காக ஒரு வார்த்தையும் சொன்னார். முதலாளியும் தலையாட்டினார். அவ்வளவுதான். திட்டுகூட இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். மனிதர் உற்சாகமாகிவிட்டார்.

"ரெண்டு கோரும் உள்ள எப்படி ஓடுதுன்னு காட்டறேன் சார்."

முதலில் 3.4-இல் திறந்து காட்டினார். கோருக்கு ஒன்றாக இரண்டு கட்டங்கள், இரண்டு பச்சைக் கோடுகள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தன் கம்ப்யூட்டர் பக்கம் போனார். வேண்டாம் என்று தடுக்க அவள் என்ன காரணம் சொல்வாள்? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

ஒரே ஒரு கட்டம் வந்தது.

கடைக்காரர் மூடித் திறந்தார். மறுபடியும் ஒன்றுதான். முதலாளியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"என்னய்யா இது? ரெண்டு கோர்னு சொல்லி ஒண்ணை வச்சு ஏமாத்தறியா?"

"இல்ல சார். சத்தியமா ரெண்டு சார்." கடைக்காரரின் காதுமடல் சிவந்தது. கடையில் தானே திறந்து பார்த்ததாகச் சொன்னார். வரைவாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தான் வாயைத் திறக்காவிட்டால் இது இப்படியே முடிந்துவிடும் என்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. பொய்க்காரனின் சரக்கு வெளியே போகும். இருபதும் இங்கேயே இருக்கும். அவளும் இருப்பாள். காலையிலிருந்து பிடித்திருந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்குகிற மாதிரி புதிதாக ஒரு பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. தன்னைப் பற்றிய பயம் அது.

"மேடம், உங்களுக்குத் தெரியும்ல," என்றார் கடைக்காரர். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

எழுந்து, அவளுக்காக நாற்காலியைத் தன் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டி, பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.