சட்டைப்பையில் ஒரு தொழில்

தையற்காரியின் கணவர் வந்து நின்று வேடிக்கை பார்த்தால்தான் கால்வாயின் மதகுத்தொட்டியில் தண்ணீர் ஏறும். இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, மேல்கால்வாய்க்கு ஏற்றிவிடும் தொட்டி அது. மனுஷன் வெட்டியாக நிற்கிறாரே என்று அவள் அவரைத் தன் அண்ணனின் பொத்தான் கடைக்கு அனுப்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெங்காயப் படகுகள் கீழேயே தேங்கி நாறின. கதவுகளை மாற்றினார்கள், பொறியாளர்களை மாற்றினார்கள், தண்ணீர் அசைந்துகொடுக்கவில்லை. கடைக்கு விடுமுறை வந்த அன்று அவர் கரையில் பின்னால் கைகட்டி நின்றார். தண்ணீர் மளமளவென்று ஏறியது. மதகுக் காவலர் வீட்டுக்கே வந்து கெஞ்சி அவரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு நிம்மதி. தையற்காரிக்குத்தான் மானம் போயிற்று. துணிக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். அளவுநாடாவை வாயில் கவ்விக்கொண்டு பதில் சொல்லாமல் தப்பித்தே அவளுக்குப் பல் வலித்தது. படகு ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன, அவரை மறுபடி கடைக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அந்த வாரம் படகில் வந்த ஆங்கில வாத்தியார், கிழிந்த கோட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டு, கரையில் நிற்கும் உங்கள் கணவருக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது, கங்கூஸ்லர், என்றார். கால்வாயோரம் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பவர் என்று அர்த்தம். அந்தக் காலப் படகோட்டிகளின் கொச்சை. முறைத்துப் பார்ப்பதற்கும் வாய் பிளப்பதற்கும் இருந்த இரண்டு நாட்டுப்புறச் சொற்கள் ஒட்டிப் பிறந்திருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல ஆளில்லை.

"வாயப் பொளக்கறதுன்னா இவரேதான்," என்று சிரித்தாள் தையற்காரி. பிறகு சிரிப்பு நின்றது. "இங்கிலீஷ்ல பேரே வச்சிருக்காங்கன்னா, அப்போ அது வேலைதானே சார்?"

அது கேலிப்பெயர் என்று சொல்ல வாத்தியார் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"வேலைதாம்மா," என்றார்.

அன்றே கணவரின் சட்டைப்பையில் அந்தச் சொல்லை நீல நூலால் தைத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் சத்தமாகச் சொன்னாள். திருப்பிச் சொல்லி நாக்கு சுளுக்கிக்கொண்டவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அண்ணன் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

சில வருடங்கள் கழித்து கணவர் காய்ச்சலில் படுத்தபோது, அந்தச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு அவளே போய் நின்றாள். தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது.

"கையில என்னம்மா அது?" என்றார் காவலர்.

யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. ஊசியைத் துணியில் குத்தி, மடித்து வைத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. படகு மேலே போயிற்று.