கூடாரம் அடிக்கக்கூடாத காடு

"காட்டுக்குள்ளை கூடாரம் அடிக்க ஏலாது அக்கா. போன கோடையிலை என்ரை பெடியனுக்குத் தண்டம் எழுதினவங்கள்" என்று முருங்கைக்காய்க் கட்டை மேசையில் வைத்துக்கொண்டே சொன்னாள் துஷ்யந்தி. அவள் பாரிஸின் லா சப்பலில் உள்ள அந்தத் தமிழ்ப் பலசரக்குக் கடைக்குச் சனிக்கிழமைதோறும் வருகிறவள். வாயும் கையும் ஒரேநேரத்தில் ஓடும். காசு வாங்குகிற இடத்தில் நின்ற மரியகொறற்றிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. "அரசாங்கக் காடெண்டாலுமோ?" என்று கேட்டாள். "அரசாங்கக் காட்டிலைதான் ஏலாது. கூடாரம் கூடாது, நெருப்புக் கூடாது, கொப்பு முறிக்கக் கூடாது. இப்ப வேட்டைக் காலமும் துடங்கிட்டுது, சில நாளிலை உள்ளுக்கும் விடமாட்டினம். ஏன், ஆர் போகினம்?" "ஒருத்தரும் போகேல்லை" என்றாள் மரியகொறற்றி.

போனது அவளுடைய மகள். அன்று காலைதான் தர்மிளா தன்னளவு உயரமான பை ஒன்றை முதுகில் சுமந்துகொண்டு பொபினியில் உள்ள வீட்டிலிருந்து இறங்கிப் போயிருந்தாள். பாரிஸுக்குத் தெற்கே உள்ள காட்டுக்குப் போகிறாளாம், ஒரு இரவு கூடாரத்தில் படுத்துவிட்டு ஞாயிறு பின்னேரம் வருவாளாம். கந்தோரில் கூட வேலை செய்கிற லாராவும் அவளும் மட்டும்தானாம். காட்டின் பெயர், எந்தக் கார்த் தரிப்பிடத்துக்கு அருகில், என்ன சாப்பாடு என்று எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னாள். அதுதான் மரியகொறற்றிக்கு முதலில் இடித்தது. கேட்டாலும் பதில் சொல்லாத பிள்ளை கேட்காமல் சொன்னால் அதற்குள் ஏதோ இருக்கத்தான் வேண்டும். சொல்லாமல் போயிருந்தாலும் அவள் சந்தேகப்பட்டிருப்பாள் என்பது வேறு கதை. அவளுடைய கணவர் மடுத்தீன் யார் எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சந்தேகப்படுகிற பொறுப்பு கல்யாணமான நாளிலிருந்தே அவள் தலையில் விழுந்திருந்தது.

ஆனால் இந்த முறை சந்தேகப்படவும் பயமாக இருந்தது. கோடையில் ஒருநாள் தர்மிளா குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போனை எடுத்துப் பார்த்து, கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தாள். மகள் கத்தவில்லை. ஈரத் தலையோடு நின்று, வழக்கமாகப் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள். "இன்னொருக்கா என்னை வேவு பாத்தால் நான் வீட்டிலை இருக்கமாட்டன். லாரா வீட்டிலை ஒரு அறை கிடக்கு." அதற்குப் பிறகு மரியகொறற்றி மகளின் அறைக்குள் உடுப்பு மடித்து வைக்கக்கூடப் போகவில்லை. ஒரே பிள்ளை. அந்த அறை வெறுமையாவதை நினைத்துப் பார்க்கவே அவளால் முடியாது.

கூடாரம் அடிக்கக்கூடாது என்றால் பிள்ளை எங்கே படுக்கப்போகிறாள்? கேள்வி மதியம் முழுவதும் அவளோடு நின்று காசு வாங்கியது. இரண்டு பேருக்கு மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்தாள். யாரோ ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. அந்தப் பெரிய பை வெறும் நாடகம். இப்படியே போய்ப் போய் அவனுக்கு ஒரு முகமும் தாடியும்கூட வைத்துவிட்டாள். கடைசியில் இரண்டு கடை தள்ளி ஆட்டிறைச்சிக் கடையில் விநியோக வான் ஓட்டுகிற றூபனிடம் போய் நின்றாள். தூரத்தில் நின்று கூடாரத்தைப் பார்த்தால் போதும், பார்த்தவுடன் திரும்பிவிடலாம், பிள்ளைக்குத் தெரியவே கூடாது என்று ஒரு மூச்சில் சொன்னாள்.

"ஓம் அக்கா, போவம்" என்றான் அவன், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லாமல். சனிக்கிழமை பின்னேரம், விநியோகம் முடித்துக் களைத்து வந்தவன், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடவேண்டிய தூரத்துக்கு இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வானா? அதையும் அவள் மனதில் ஒரு பக்கமாகக் குறித்து வைத்துக்கொண்டாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் காரணம் வெளிவந்தது. றூபன் வன்னியில் பிறந்து, பன்றி வேட்டைக்குப் போய் வளர்ந்தவன். "இப்ப ஓக் மரக் கொட்டையள் விழுற காலம். பண்டியள் நல்லாக் கொழுத்துக் கிடக்கும். இஞ்சை துவக்கு லைசென்ஸ் எடுக்கிறதுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரிச் சோதினை எழுத வேணுமாம். அதுக்குப் பிறகும் இன்ன நாள், இன்ன இடம், இன்ன உடுப்பு. பண்டிக்கும் இதுகளைச் சொல்லிக் குடுத்தவங்களோ தெரியாது" என்று சிரித்தான்.

"நீர் எனக்காக வாறீரோ, பண்டிக்காக வாறீரோ?"

"சும்மா பாக்கத்தானே அக்கா. பாக்கிறதுக்குத் தண்டம் இல்லையே" என்றான். அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

மகள் சொன்ன கார்த் தரிப்பிடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்து, வெயில் மரங்களின் உச்சியில் மட்டும் நின்றது. வேறு இரண்டு கார்கள் மட்டும் நின்றன. காட்டுப்பாதையின் வாயில் ஒரு மரத்தடுப்பு, அதன் பக்கத்தில் ஒரு பெரிய பலகை. எழுத்து அவளுக்கு ஓடவில்லை, படம் ஓடியது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள், நெருப்பு மூட்டாதே, வாகனத்தை உள்ளே கொண்டுபோகாதே. அதற்குக் கீழே ஒரு கூடாரம், அதன் குறுக்கே தடித்த சிவப்புக் கோடு. தடுப்பில் தனியாக ஒரு மஞ்சள் தாள் தொங்கியது. அதை றூபன் வாசித்தான். "அந்தப் பக்கம் இண்டைக்கு வேட்டையாம். போகவேண்டாமாம்."

மரியகொறற்றி அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். துஷ்யந்தி சொன்னது சரி. தான் நினைத்ததும் சரி. வாழ்க்கையில் எத்தனையோ முறை "நான் அப்பவே சொன்னன்" என்று நிமிர்ந்து நின்றவளுக்கு இந்த முறை நிமிர வரவில்லை. அழுகைதான் வந்தது. பொய் என்று உறுதியாகிவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை அவள் யோசித்திருக்கவில்லை. கேட்டால் வேவு பார்த்தது தெரியவரும். கேட்காமல் இருந்தால் வெடித்துவிடும்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது றூபனைக் காணவில்லை. தடுப்புக்கு அப்பால், போகவேண்டாம் என்று அவனே வாசித்துச் சொன்ன பக்கத்தில், போன் வெளிச்சம் நிலத்தை நக்கிக்கொண்டு போனது. "அக்கா, இஞ்சை வந்து பாருங்கோ, பண்டியள் கிண்டிக் கிண்டி விட்டிருக்குதுகள்!" என்று குரல் வந்தது. விசரன் என்று அவள் பல்லைக் கடித்த அதே நேரத்தில் பின்னால் டயர் சத்தம் கேட்டது. பச்சை நிறச் சிறு வாகனம். சீருடை போட்ட உயர்ந்த மனிதர் ஒருவர் இறங்கினார். காட்டுக் காவலர்.

வணக்கம் சொன்னார். மரியாதையாகத்தான் கேட்டார். இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை? றூபன் சேறு அப்பிய சப்பாத்தோடு ஓடி வந்து, உலாவ வந்தோம் என்றான். காவலர் மரியகொறற்றியின் காலைப் பார்த்தார். காலுறைக்கு மேல் போட்ட செருப்பு. வானின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். றூபன் திறந்தான். கழுவாத இறைச்சிப் பெட்டிகள், அடியில் உறைந்த இரத்தம், ஒரு சுருள் கயிறு, தாளில் சுற்றிய நீளமான வெட்டுக்கத்தி. "ஆடு, ஆடு" என்று றூபன் பிரெஞ்சில் இரண்டு தரம் சொன்னான். கடையில் வெள்ளைக்காரரோடு பகிடி விடுகிற வாய் இங்கே குழறியது. இந்தப் பக்கத்தில் பொழுதுபடுகிற மைம்மலுக்குள் வந்து பன்றி அடித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார் காவலர். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் ஒருவரை எப்படிப் பார்ப்பது என்பது மரியகொறற்றிக்குத் தெரியும், அது அவளுடைய சொந்தப் பார்வை. அது தன்மேல் விழுந்தால் இப்படித்தான் சுடும் என்பதுதான் புதிதாக இருந்தது.

"என் மகள்" என்றாள் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். "மகள் கூடாரத்தில்." சொன்ன பிறகுதான் பலகை நினைவுக்கு வந்தது. பிள்ளைக்கும் தண்டம் எழுதுவாரோ என்று நாக்கைக் கடித்தாள். காவலர் கொஞ்ச நேரம் ஏதோ விளக்கினார். றூபன் தமிழில் சொன்னான். "ஒரு இடத்திலை மட்டும் விடுகினமாம் அக்கா. இந்தத் தரிப்பிடத்துக்குப் பின்னாலைதானாம். பொழுதுபட்டு அடிச்சு விடியக் கழட்டிப்போட வேணும், ஒரு இரவுதான். நெருப்பு மட்டும் கூடாதாம். பலகையிலை கீழை எழுதியிருக்காம்."

பிள்ளை பொய் சொல்லவில்லை. மரியகொறற்றிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இனி நடந்தே பாரிஸுக்குப் போகச் சொன்னாலும் போவாள் போல இருந்தது. ஆனால் காவலர் அடுத்ததாகச் சொன்னதை மொழிபெயர்க்க றூபன் தேவைப்படவில்லை. மகளைக் கூப்பிடுங்கள். அவர் வந்து விளக்கட்டும். இல்லாவிட்டால் நான் பொலிஸைக் கூப்பிட வேண்டிவரும்.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் பிள்ளை அறையைக் காலி பண்ணுவாள். கூப்பிடாவிட்டால்? "அக்கா, முதலாளிக்கு வான் வெளியிலை வந்தது தெரியாது" என்றான் றூபன் மெல்ல. "பொலிஸ் வந்தால் என்ரை வேலை போச்சு." அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலே நம்பரை அழுத்தினாள்.

"பிள்ளை, நான் இஞ்சை, கார் விடுற இடத்திலை நிக்கிறன். ஒருக்கா வா." அந்தப் பக்கத்தில் போன் வைக்கப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கிடையில் ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. தர்மிளா நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தாள். கம்பளித் தொப்பிக்குக் கீழே அந்த முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது. தாயை அவள் பார்க்கவில்லை. நேரே காவலரிடம் போய், நடந்ததைக் கேட்டுச் சிரித்துப் பேசினாள். வானுக்குள் குனிந்து, ஒரு பெட்டியின் அடியிலிருந்து இறைச்சிக் கடையின் பெயர் ஒட்டிய பொலித்தீன் உறையை இழுத்துக் காட்டினாள். காவலரின் தோள் இறங்கியது. ஆனாலும் கேட்டார், அதுசரி, உங்கள் அம்மா ஏன் வந்தார்?

மரியகொறற்றி கண்ணை மூடிக்கொண்டாள். மகளின் இடத்தில் தான் நின்றிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள், அதுவும் உரத்து. ஆனால் தர்மிளாவின் குரல் தடங்காமல் வந்தது. குளிருக்குப் போடுவதை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டாளாம், அம்மாவிடம் கொண்டுவரச் சொன்னாளாம். றூபன் மாமாவுக்குப் பாதை தெரியாமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் தேடிப் போயிருக்கிறாராம். காவலர் மரியகொறற்றியின் வெறும் கையைப் பார்த்தார்.

"கழட்டுங்கோ அம்மா" என்றாள் தர்மிளா, கண் இமைக்காமல்.

மரியகொறற்றி தான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். மகள் அதைத் தன்னுடைய தடித்த மேலங்கிக்கு மேலாகவே மாட்டிக்கொண்டாள். சட்டைக் கை முழங்கையோடு நின்றது. காவலர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லா நாட்டு அம்மாவும் ஒன்றுதான் என்றார். மஞ்சள் தாள் தொங்கினால் அதற்கு அப்பால் போகக்கூடாது என்று றூபனுக்கு ஒருமுறை படிப்பித்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போனார்.

"பிள்ளை..." என்று தொடங்கினாள் மரியகொறற்றி.

"நாளைக்குக் கதைப்பம்" என்றாள் தர்மிளா, தமிழில். திரும்பி மரங்களுக்குள் நடந்தாள்.

வானில் ஏறி உட்கார்ந்தபோது மரியகொறற்றிக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. தன்னைக் காப்பாற்றிய பிள்ளையை நினைக்க நன்றியாக இருந்தது, பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைக்கு உள்ளேயிருந்து மெல்லத் தலை நீட்டியது அடுத்த நினைப்பு. ஒரு தடங்கல் இல்லாமல், சிரித்துக்கொண்டு, எவ்வளவு வடிவாகப் பொய் சொல்கிறாள். எங்கே பழகினாள்? எத்தனை நாளாகப் பழகுகிறாள்?

தர்மிளாவின் விளக்கு காட்டுக்குள் சின்னதாகிக்கொண்டே போனது. அங்கே காத்துக்கொண்டு நின்ற இன்னொரு விளக்கு அதை நோக்கி வந்தது. பிறகு அவை இரண்டையும்விட ஒரு தலை அதிக உயரத்தில் மூன்றாவது விளக்கு ஒன்று எரிந்தது.

"அக்கா, ரெண்டு பேர் எண்டெல்லே சொன்னனீங்கள்?" என்றான் றூபன், வானின் திறப்பைத் திருகாமல். "அங்கை மூண்டு வெளிச்சம் தெரியுது."

"ரெண்டுதான்" என்றாள் மரியகொறற்றி. "உமக்குக் கண் பிழை. வானை எடும்."

றூபன் பின்னுக்கு எடுத்துத் திருப்பினான். அவள் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, பெரிய றோட்டு வரும்வரை பின்னால் காடு தெரிகிற பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் குளிரில் இருந்தாள்.