பொக்கட்டில் தெரியாத கத்தி

கடலில் மூழ்கி மௌத்தான மருதமுனை மீனவன் முர்ஷித், வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து கடைகள் திறந்ததும், கல்முனை பஸாரில் அப்துல் ஸமட் ஹாஜியாரின் இரும்புக் கடைக்கு வந்து, இரண்டு மடக்குக் கத்திகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பான். உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர் வடியும். வலது கணுக்காலில் நீல நைலோன் கயிறு இறுகச் சுற்றியிருக்கும். அது கடைப் படியால் இறங்கி, கடற்கரை வீதி நெடுகப் போய், அலைக்குள் மறையும். முதல் மாதம் சனம் திரண்டு வந்து பார்த்தது. பிறகு யாருக்கு நேரம் இருக்கிறது? கயிற்றின்மேல் ஏறி இறங்கும்போது ஓட்டோக்கள் ஒரு தரம் குலுங்கும், அவ்வளவுதான். இரக்கப்பட்டு அதை வெட்டப் பார்த்தவர்களும் உண்டு. மீன் வெட்டுகிறவரின் கத்தியும் வழுக்கியது, பலகை அறுக்கும் மரக்காலைக்காரரின் வாளும் வழுக்கியது. கட்டுப்பட்டவன் தன் கையால் அறுத்தால்தான் அது அறும் என்று ஊர் முடிவு கட்டியது. பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்திக் கயிறு விறைக்கும். முர்ஷித் இரண்டு கத்திகளையும் மேசையில் வைத்துவிட்டு வந்த வழியே போவான். இப்படி ஆறு வருடம்.

ஹாஜியாருக்கு இதில் தீராத எரிச்சல். ஆள் வருவதில் அல்ல. எந்தக் கத்தியை எடுப்பது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே என்பதில். இரண்டுமே மெலிந்த கத்திகள்தான். ஆனால் ஒன்றின் அலகில் வாள்போலப் பல் வெட்டியிருக்கும், விரித்தால் பூட்டு விழும், நனைந்த நைலோனையும் ஒரே இழுவையில் அறுக்கும். பிடி மட்டும் சற்றுத் தடிப்பு. மற்றது அடையாள அட்டை மாதிரித் தட்டையானது. அதனால் மாங்காய் சீவலாம், பார்சல் பிரிக்கலாம், வேறென்ன செய்யலாம்? “தம்பி, பல்லு வெச்சத எடுங்க, எடுத்து அறுத்துட்டு நிம்மதியாப் போங்க” என்று அவர் சொல்லாத கிழமை இல்லை. முர்ஷித் தலையை ஆட்டிவிட்டுத் தட்டைக் கத்தியைத்தான் திரும்பவும் தூக்கிப் பார்ப்பான்.

அவன் மௌத்தானது 2019 மே மாதம். அதற்கு முந்திய மாதம், ஈஸ்டர் ஞாயிறன்று, நாட்டில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்திருந்தன. முஸ்லிம்களின் வீடு வீடாக ஆமி தேடுதல் வரும், கத்தி கிடந்தால் ஆளைக் கொண்டுபோவார்கள் என்றொரு கதை ஊருக்குள் ஓடியது. அந்தக் கிழமை கிணறுகளுக்குள் போன கத்திகளுக்குக் கணக்கில்லை. பயத்தில் தேங்காய் திருவலையைப் போட்டவர்களும் இருக்கிறார்கள். முர்ஷித்தின் மனைவி ஹிமாயா, அவன் குளித்துக்கொண்டிருந்த நேரம், கடலுக்குக் கொண்டுபோகும் கத்தியை அவன் சேட்டுப் பொக்கட்டிலிருந்து எடுத்து, பக்கத்து வளவுக் கிணற்றில் போட்டாள். அவனிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் வலை இழுக்கும்போது கயிறு காலில் சுற்றி அவனை உள்ளே இழுத்தது. தோணியில் கூடப் போன பக்கீர் முகைதீனின் கத்தியும் அவர் வீட்டுக் கிணற்றில்தான் கிடந்தது. தாழும்போது முர்ஷித் இரண்டு தரம் பொக்கட்டைத் தடவினான் என்று அவர் வந்து சொன்னார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கடலில் எவ்வளவு தேடியும் மையித்து கிடைக்கவில்லை. ஹிமாயா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருந்தாள். அது முடிந்த வெள்ளிக்கிழமைதான் முர்ஷித் முதன்முதலாகக் கடைக்கு வந்தான். அவள் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஆறு வருடமாக அவள் பஸாருக்கே வரவில்லை. கயிறு கிடக்கும் வீதியைக் கண்டால் சுற்றிப் போனாள். அவனிடம் மாப்புக் கேட்காமலே தானும் மௌத்தாகிவிடுவேனோ என்ற பயம் மட்டும் நாளுக்கு நாள் ஊறியது. போன நோன்புப் பெருநாளுக்குப் பிந்திய வெள்ளிக்கிழமை, அந்தப் பயம் தாங்காமல் அவள் கடைப்படி ஏறினாள்.

“மச்சான், ஒங்கட கத்திய நான்தான் எடுத்த. கிணத்துக்குள்ள போட்டுட்டன். என்னை மாப்புச் செய்ங்க.”

முர்ஷித் ஆறு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்தான். “தெரியும் புள்ள. குளிச்சிட்டு வரக்குள்ள கண்டன். ஒன்ட கை நடுங்கின.”

“கண்டும் ஏன் கேக்கல்ல?”

“கேட்டா நீ இன்னும் பயந்திருப்பாய்.” அவன் கத்திகள் இரண்டையும் அவள் முன்னால் நீட்டினான். “அதான் பாத்துக்கிட்டு இரிக்கன். பொக்கட்ல வெச்சா வெளிய தெரியாத ஒண்டா எடுக்கணும்.”

ஹிமாயா பல் வெட்டிய கத்தியைப் பிடுங்கி அவன் கைக்குள் திணித்தாள். “இப்ப ஒரு பயமும் இல்ல மச்சான். ஆரும் தேடி வாறல்ல. இதால அறுங்க, அல்லாஹ்வுக்காக அறுங்க” என்று குழறினாள். அவன் அவளுடைய விரல்களையே பார்த்தான். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. பல் வெட்டிய கத்தியைப் பதனமாக மடித்து மேசையில் வைத்தான். தட்டையானதைச் சேட்டுப் பொக்கட்டில் போட்டான்.

“தெரியிதா புள்ள?”

ஈரச் சேட்டு நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. கத்தி, அதன் ஆணிகள், மடிப்பு, எல்லாமே அச்சடித்ததுபோல வெளியே தெரிந்தன. ஹிமாயா அவன் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அதில் ஒரு நிம்மதி வந்திருந்தது.

“இல்ல மச்சான். ஒண்டும் தெரியல்ல.”

கயிறு விறைத்தது. அவன் படியில் குந்தி, தட்டைக் கத்தியால் நாலைந்து தரம் அதை அறுத்துப் பார்த்தான். நைலோனில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவன் அதைப் பெரிதாக எடுக்கவும் இல்லை. கத்தியை மடித்துப் பொக்கட்டில் வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறான். கத்திகளின் பக்கம் போவதில்லை. கடை வாசலில் நின்று பொக்கட்டைத் தட்டிக் காட்டி, தெரிகிறதா என்று மட்டும் கேட்கிறான். இப்போது கிழமை தவறாமல் வந்து நிற்கும் ஹிமாயா, இல்லை என்கிறாள். ஹாஜியாரும் இல்லை என்கிறார். ஆணி வாங்க வந்தவர்களும், யார் கேட்கிறார் என்று ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், இல்லை தம்பி என்கிறார்கள்.