காது கீறிய வரையாடு

சரணாலயத்தில் வரையாடு இருப்பதற்கு ஆதாரம் நுழைவுச்சீட்டில் அச்சிட்டிருந்த படம். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. இன்று கேட்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார், நிதி கொடுப்பவர். அவர் கண்ணில் ஒன்றாவது படாவிட்டால் வழிகாட்டியை நீக்கிவிடுவதாக இயக்குநர் டாக்டர் ஃபவாஸ் தலைநகர் அம்மானிலிருந்தே சொல்லியனுப்பியிருந்தார். வரையாட்டையா நீக்க முடியும்?

வழிகாட்டி சுவைலிமுக்கு அந்தச் சம்பளமும், மனைவி நௌஃபா ஒளித்து வளர்த்த ஏழு ஆடுகளும்தான் பிழைப்பு. மேய்ச்சலுக்குத் தடை வந்தபின் ஆடுகள் மேல் இடுக்கில், சுனையோரம் கிடந்தன. சாயங்காலம் அவள் சுற்றுவழியில் ஏறிப்போய்க் கறந்து வருவாள்.

வாசலில் சீட்டுக் கிழிக்கும் மித்லக் சுவைலிமைப் பார்த்துக் கண்ணடித்தான். மகன் ஜஸாவின் பெயரை வைத்துத்தான் ஊரில் அவனைக் கூப்பிடுவார்கள். "என்ன அபூ ஜஸா, இன்னிக்கும் புழுக்கையைக் காட்டி, 'இப்பத்தான் போச்சு'ன்னு சொல்லப் போறியா?"

"புழுக்கை கிடைச்சாலே பெரிசுடா."

கணுக்கால் தண்ணீரில், அரளிப் புதர்களை விலக்கி, செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே சுவைலிமும் அம்மாளும் அவரோடு வந்திறங்கிய டாக்டரும் இரண்டு மணி நேரம் நடந்தார்கள். குழாய்ப் பாசனத்தில் பட்டம் வாங்கிய டாக்டர் வழிநெடுக வனத்தின் மௌனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். காதுள்ள விலங்கெல்லாம் அதற்குள் சவூதி எல்லையைத் தாண்டியிருக்கும்.

"அதோ!" என்று அலறினார் டாக்டர்.

உச்சி விளிம்பில் செம்மண் நிறத்தில் ஒன்று நின்றது. சுவைலிம் தொலைநோக்கியில் பார்த்தான். இடது காதில் கீறல். அவன் குடும்பத்து அடையாளம், அவன் கத்தியே போட்டது.

"காதைப் பாருங்க! சிறுத்தையோட சண்டை போட்ட வடு!"

அம்மாள் சுவைலிமிடம் திரும்பினார். செய்தி வாசிப்பவரின் அரபியில், "ஐயா, தாங்கள் கூறுங்கள். இது வரையாடுதானா?" என்றார்.

ஆடு என்றால் ஏழும் பறிமுதல், வேலையும் போகும்.

"வரையாடுதாங்க."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே பிரகடனம் செய்தார்: இன்று முதல் மேல் இடுக்கு முழுக்க மூடப்படும். சுற்றுவழியிலும் காவல். இரண்டு வருடத்துக்கு ஓர் ஆள் நுழையக் கூடாது.

"அபூ ஜஸா, நீ செஞ்சது சரித்திரம்ப்பா! பாதையையே மூடினப்புறம் வழிகாட்டிக்கு வேலை ஏது? இந்த மாசத்தோட நிம்மதியா ஓய்வெடு."

சுவைலிம் குறுக்கே வந்தான். "டாக்டர், நான் மட்டும் ஒரு தடவை மேல போய்ட்டு..."

"நீயுமா? மனுச வாடையே படக் கூடாதுய்யா!"

பழகிய குரல் கேட்டதும் மேலிருந்து ஆடு கத்தியது. நேற்றுச் சாயங்காலத்துக்குப் பின் கறக்காத மடி. விளிம்பில் முன்னும் பின்னும் நடந்து மறுபடி கத்தியது.

"கேட்டீங்களா? வனத்தோட குரல்!" டாக்டர் கிசுகிசுத்தார். அம்மாள் கைபேசியை உயர்த்திப் பிடித்தார்.

நாக்கைச் சொடுக்கினால் போதும், இறங்கி வந்துவிடும். சுவைலிம் வாயை இறுக மூடிக்கொண்டு இறங்கினான். விளிம்பு முடிகிற இடம் வரை அது கத்திக்கொண்டே மேலேயே கூட வந்தது.

பதிவு மிகத் தெளிவாக வந்திருப்பதாக அம்மாள் சொன்னார்.